முகத்தில் எழுதாத குற்றம்

துப்பறியும் படத்திற்கென ஓர் இலக்கணம் உண்டு. கொலை நிகழும், துப்பறிவாளர் தடயம் தேடுவார், இறுதியில் கொலையாளி அகப்படுவான், நாமும் மனநிறைவோடு வீடு திரும்புவோம். தென்கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ 2003-இல் உருவாக்கிய 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' இவ்விலக்கணத்தின் கடைசி விதியை மீறுகிறது. மீறியதனாலேயே அது உயர்ந்த கலையாகிறது என்பது என் துணிபு.

1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் என்னும் ஊரகப் பகுதியில் பத்துப் பெண்கள் கொலையுண்ட உண்மை நிகழ்ச்சிகளே படத்தின் அடித்தளம். உள்ளூர்த் துப்பறிவாளர் பார்க், கண்ணைப் பார்த்தே குற்றவாளியை அறிவேன் என மார்தட்டுபவர். தலைநகர் சியோலிலிருந்து வரும் சியோவோ, ஆவணங்கள் பொய்யுரையா என நம்புபவர். கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்றோர்க்கு இரண்டாமவரே நெருக்கமானவர்.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி. காவல் நிலையத்தில் இருவர் அமர்ந்துள்ளனர். ஒருவன் ஒரு பெண்ணைக் கெடுத்தவன். மற்றவன் அப்பெண்ணின் அண்ணன். எவன் எவன் என்று கூறுமாறு மேலதிகாரி பார்க்கைக் கேட்கிறார். விடை நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. படத்தின் கருவே இதுதான். பார்க்கின் 'கண் பார்வை' அப்பாவிகளை அடி உதைக்கு ஆளாக்குகிறது. முதலில் நாம் அக்காட்சிகளில் நகைக்கிறோம். பின்னர் நகைத்ததற்காக நாணுகிறோம். சியோவின் ஆவணமும் ஒருநாள் கைவிடுகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் மரபணு அறிக்கை அவர் எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. கொட்டும் மழையில், சுரங்கப்பாதை வாயிலில், ஐயத்திற்குரியவனின் முகத்தை உற்று நோக்கும் பார்க், தமக்குத் தெரியவில்லை என ஒப்புக்கொள்கிறார். சோங் காங் ஹோவின் நடிப்பு உச்சம் தொடும் இடம் அது.

குறையும் உண்டு. கொலையுண்ட பெண்களுள் பெரும்பாலோர் வெறும் சடலங்களாகவே நிற்கின்றனர். அவர்தம் வாழ்வும் கனவும் நமக்குத் தெரிவதில்லை.

படம் விட்ட வினாவுக்கு வாழ்க்கை பின்னர் விடையளித்தது. 2019-இல் மரபணுச் சோதனை வழியே உண்மைக் கொலையாளி அறியப்பட்டான். வேறொரு கொலைக்காக அவன் பல்லாண்டுகளாகச் சிறையில்தான் இருந்தான்! அவன் செய்த எட்டாவது கொலைக்கோ, குற்றமற்ற ஒருவர் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையில் வாடியிருந்தார். அவர் நிரபராதி என நீதிமன்றம் அறிவித்தது 2020 டிசம்பரில்.

குறிப்பறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. முகம் உள்ளத்தைக் காட்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயின், அரசவையில் அமைச்சனுக்குப் பயன்படும் அக்கலையை, வழக்கு மன்றத்தின் சான்றாகக் கொண்டால் விளைவது என்ன? ஆராயாது தீர்ப்பளித்து உயிர்விட்ட பாண்டியனின் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. இறுதிக் காட்சியில் பார்க் திரையிலிருந்து நம்மையே நேராக நோக்குகிறார். கொலையாளியின் முகம் எப்படியிருந்தது என அவர் கேட்டதற்கு ஒரு சிறுமி சொன்ன விடை, சாதாரண முகம் என்பதே.