குழாய்ச் சந்தியில் வெந்நீரும் குளிர்நீரும்: போசினெஸ்க் தோராயம் குறித்து ஒரு மறுநோக்கு

வெப்பநிலை மாறுபட்ட இரு நீரோட்டங்கள் குழாய்ச் சந்தியில் கொந்தளித்துக் கலப்பதைக் கணினியில் உருவகிக்கும் ஆய்வுகள் பலவற்றில், போசினெஸ்க் தோராயம் ஒரே வரியில் அறிவிக்கப்பட்டுக் கடந்துசெல்லப்படுகின்றது. அடர்த்தி வேறுபாட்டை ஈர்ப்பு உறுப்பில் மட்டும் ஏற்று, ஏனைய இடங்களில் அடர்த்தியை மாறிலியாகக் கொள்வது அது. (ஓபர்பெக் 1879இலேயே இதனைக் கையாண்டிருந்தார், பெயர் பின்னவருக்கே நிலைத்துவிட்டது.)

சுவீடனில் வாட்டன்ஃபால் ஆய்வுக்கூடம் நிகழ்த்திய டி-சந்திச் சோதனை இத்துறையின் உரைகல். அங்குக் குளிர்நீர் 19°செ., வெந்நீர் 36°செ.; அடர்த்தி வேறுபாடு 0.5 விழுக்காட்டையும் எட்டவில்லை. இந்நிலையில் தோராயம் பொருந்துவதில் வியப்பில்லை. அப்பொருத்தத்தையே மின்நிலையக் குழாய்களுக்கும் சான்றாக நீட்டுவதுதான் ஏற்கத்தக்கதன்று. பிரான்சின் சிவோ அணுமின் நிலையத்தில் 1998 மே மாதம், எஞ்சிய வெப்பத்தை அகற்றும் அமைப்பின் குழாய் இத்தகைய கலப்பிடத்தில் வெப்ப அயர்வால் விரிசலுற்றுக் கசிந்தது.

20°செ., 180°செ. நீரோட்டங்களைக் கொள்வோம். அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 998, 887 கிலோகிராம். வேறுபாடு 11 விழுக்காடு. அதே விட்டத்திலும் வேகத்திலும் ரிச்சர்ட்சன் எண் மேற்கண்ட சோதனையைவிட இருபது மடங்குக்கு மேல் உயரும். எனவே வெந்நீர் மேலும் குளிர்நீர் கீழுமாக அடுக்குறும் போக்கைப் புறக்கணிக்க இயலாது. வழக்கமான நேர்கோட்டுச் சமன்பாடோ இங்கு இன்னும் தவறுகின்றது. 20° விரிவுக் குணகத்தைக் கொண்டு 100° வரை கணித்தால் அடர்த்தி 1.7 விழுக்காடு குறையும். உண்மையில் குறைவது 4 விழுக்காடு. சம நிறையில் இவ்விரு நீரும் கலந்தால் மொத்தக் கன அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு சுருங்கும். திசைவேகப் புலத்தின் விரிதலைச் சுழியமெனக் கொள்ளும் கணிப்பில் இச்சுருக்கத்திற்கு இடமே இல்லை. பாகுநிலையின் மாற்றமோ இதனினும் பெரிது: 20°க்கும் 100°க்கும் இடையே அது மூன்றரை மடங்கு குறைகின்றது. விரிசல் தோன்றும் சுவரருகில் வெப்ப ஏற்றஇறக்கத்தைத் தணிக்கும் மென்படலத்தின் தடிப்பு அதனைச் சார்ந்தது.

கணிப்புச் செலவு என்னும் வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஒலியலைகளை நீக்கிய குறை மாக் எண் வடிவம், அடர்த்தி மாற்றத்தை எல்லா உறுப்புகளிலும் ஏற்கும்; ஒலியலைகளைப் பின்தொடரும் நுண்ணிய காலப்படி அதற்குத் தேவையில்லை. அதற்கும் வசதியற்றோர், ஈர்ப்பு உறுப்பில் நேர்கோட்டுக்கு மாற்றாக நீரின் அளவிட்ட அடர்த்தி அட்டவணையையேனும் இடலாம். அதனால் மிதப்பு விசை திருந்தும்; கன அளவுச் சுருக்கம் திருந்தாது. எந்தப் பிழை எஞ்சியுள்ளது என்பதை அப்போது ஆய்வாளரே கட்டுரையில் குறித்தல் வேண்டும்.