காணொலிப் பாடமும் வகுப்பறை மொழியும்: அந்தமான் நிக்கோபார்ச் சூழல்

உயர்கல்வியில் கட்புல, செவிப்புலக் கருவிகளைப் பற்றிப் பேசுங்கால் கருவியின் திறனே முதற்கண் எண்ணப்படுகிறது. அக்கருவி எம்மொழியில், அம்மொழியின் எவ்வழக்கில் பேசுகிறது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. இக்குறையை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நிலை தெளிவாகக் காட்டுகிறது.

போர்ட் பிளேரில் 1967இல் ஜவாகர்லால் நேரு அரசுக் கல்லூரி தோன்றியது. அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கும்வரை தீவுகளின் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. வடம் வந்தபின் காணொலிப் பாடங்களைப் பெறுதல் எளிதாயிற்று. ஆயினும் அது குறைத்தது தொலைவுச் சிக்கலையே. மொழிச் சிக்கலை அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வங்காளம் ஏறத்தாழ 28, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 விழுக்காட்டினரின் தாய்மொழிகள். எம்மொழியும் பெரும்பான்மை மொழியன்று.

தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான தேசியத் திட்டம் தன் ஆங்கில விரிவுரைகள் சிலவற்றைத் தமிழாக்கித் தருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் விரிவுரை என்பது பேச்சு. திரும்பக் கூறலும் ‘இது’, ‘இங்கே’ எனப் பலகையைச் சுட்டலும் அதன் இயல்புகள். இதனைத் திரையின் அடியில் ஓடும் எழுத்துரையாக்குங்கால், மாணவரின் கண் வரைபடத்தையும் எழுத்தையும் ஒருங்கே பின்தொடர வேண்டியுள்ளது. தமிழில் வினைமுற்று பொதுவாகத் தொடரிறுதியில் நிற்பதால், ஆங்கில வினை ஒலித்த பின்னரே தமிழ் வினை தோன்றும். அதற்குள் சுட்டப்பட்ட பொருள் திரையினின்று நீங்கியிருக்கலாம். மேலும், வீட்டில் தமிழ் பேசி, இந்தி அல்லது ஆங்கிலவழியில் பயின்ற மாணவருக்குச் செவிவழித் தமிழ் எளிது; செறிந்த எழுத்து வழக்கோ அரிது. அவருக்குப் பொதுப் பேச்சுத் தமிழில் அமைந்த குரலாக்கமும் உடன் ஒரு கலைச்சொற் பட்டியலுமே பெரிதும் துணைசெய்யும்.

பதிவு மட்டும் அறிவாகாது என்பதற்கு இத்தீவுகளிலேயே சான்று உண்டு. போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010இல் மறைந்தார். அவர் குரலைப் பதிவுசெய்த மொழியியலறிஞர் அன்விதா அப்பி, பெரிய அந்தமானிய மொழிக்கு அகராதியும் இலக்கணமும் அளித்தார். ஒலிபெயர்ப்பும் உருபன் பகுப்பும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தபோதே இத்தகைய ஒலிப்பதிவுகள் பிறர் கற்றற்குரியனவாயின.

கல்லூரிக் காணொலிக்கும் இதுவே பொருந்தும். பதிவு முடிந்தபின் அழைக்கப்படும் மொழிபெயர்ப்பாளர் குறைகளை மறைக்கவே இயலும். பாடம் திட்டமிடப்படும்போதே அழைக்கப்பட்டால் அவற்றைத் தவிர்க்க இயலும். கருவிக்கு நிதி ஒதுக்குவோர் மொழிப்பணிக்கும் ஒதுக்குதல் இன்றியமையாதது.