வயசா, வளர்ச்சியா?

ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு 13 வயசுப் பையன்களைப் பாருங்க. ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருத்தன் இன்னும் குழந்தை. இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து அகாடமிகள் இதற்குச் சொல்லும் தீர்வு ‘பயோ-பேண்டிங்’. வளர்ந்து முடிக்கும்போது வரப்போகும் உயரத்தில் இப்போது எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று பார்த்து அணி பிரிப்பார்கள்.

ஷான் கமிங் குழுவின் ஆய்வு 2018-ல் வெளியானது. 85–90% எட்டிய 11–14 வயசுப் பையன்களை ஆடவிட்டு, பிறகு அவர்களிடம் பேசினார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்களுக்கு ஆட்டம் கடினமாக இருந்ததாம். தாமதமாக வளர்பவர்களுக்குத் திறமையைக் காட்ட இடம் கிடைத்ததாம்.

யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துது.

முதலாவது, கணக்கு. வரப்போகும் உயரத்தைச் சொல்லும் 1994-ஆம் வருட கமிஸ்–ரோச் சூத்திரம், அமெரிக்காவின் ஒஹாயோவில் வெள்ளையினப் பிள்ளைகளை அளந்து உருவாக்கியது. பல இனத்துப் பிள்ளைகள் ஆடும் லண்டன் அகாடமிக்கு அது அப்படியே பொருந்துமா? எல்லைக்கோட்டில் நிற்பவனை ஒரு சென்டிமீட்டர் பிழையே வேறு குழுவில் தள்ளிவிடும்.

இரண்டாவது, கேள்வி. பையன்களுக்கு எப்படி இருந்தது என்றுதான் கேட்டார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்ற முடிவு மாறுமா என்பது தனிக் கேள்வி. ஒருநாள் சந்தோஷமாக ஆடியவனை சீசன் முடிவில் ‘உடம்பு பத்தல’ என்று அனுப்பினால் என்ன லாபம்?

கோச் மதிப்பெண் போடும் தாளில், பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சதவீதத்தையும் எழுதிவைக்கணும். அதைப் பார்த்த பிறகு முடிவெடுக்கட்டும்.