ஐசிங் பூவைப் பழசு என்பவர்களுக்கு

சென்னையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் ஒரு தங்கை, என் கைப்பேசியில் இருந்த பூப்பெட்டிப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்க்கா, பூவையெல்லாம் பொட்டியில போட்டு வச்சு பழசையா ஒட்டுவீங்க? நாங்க அன்னைக்குப் பண்றத அன்னைக்கே வச்சிருவோம்." அவள் மனதில் கள்ளமில்லை. ஆனாலும் எனக்குச் சுட்டது. யாழ்ப்பாணத்தில் ஐசிங் பழகிய யாருக்கும் சுட்டிருக்கும்.

முட்டை வெள்ளைக்கரு, ஐசிங் சீனி, சில துளி தேசிக்காய்ப் புளி. ராயல் ஐசிங் பூவுக்கு இவ்வளவுதான். அது முழுதாகக் காய்ந்துவிட்டால் கெட்டுப்போக அதில் ஈரமே இல்லை. ஈரமும் வெளிச்சமும் படாமல் காத்தால் மாதக்கணக்கில் இருக்கும். காக்கத் தெரியவேண்டும், அவ்வளவே.

எங்கள் மாதர் சங்க வகுப்புகளில் பூச் செய்யப் பழக்குவதோடு பாடம் முடிவதில்லை, எடுத்து வைப்பதும் பாடம். கம்பியில் கோத்த கம் பேஸ்ட் (பசை சேர்த்துப் பிசைந்த சீனிமா) ரோசாவைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவிடுவோம். நகத்தால் மெல்லத் தட்டினால் பீங்கான்போலச் சத்தம் வரவேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம் நிற்கிறது, இன்னும் தொங்கட்டும். பிறகு ஒரு சப்பாத்துப் பெட்டி. அடியில் ரெஜிபோம் துண்டு (சென்னையில் தெர்மாகோல் என்கிறார்கள்), அதில் கம்பிகளைக் குத்தி, ஓர் இதழ் இன்னொன்றில் முட்டாதபடி நிறுத்துவோம். மூலையில் வறுத்த அரிசி முடிச்சு. கிடைத்தால் சிலிக்கா ஜெல். அதன் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், ஓவனில் இளஞ்சூட்டில் வைத்தெடுத்தால் திரும்ப நீலமாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவைவிட இந்த மட்டைப்பெட்டியையே நான் நம்புவேன். கம் பேஸ்ட்டில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரம் வெளியேற வழி வேண்டும்.

பெட்டி போகுமிடம் இருட்டான அலுமாரி. ஊதாவும் ரோஸும் வெளிச்சத்தில் முதலில் வெளிறும். பூச்சி உருண்டை போட்ட அலுமாரி ஆகவே ஆகாது, மணம் பூவில் ஏறிவிடும். ராயல் ஐசிங் பூக்களைப் பிழிந்த எண்ணெய்த் தாளோடேயே அடுக்குவோம். நெய்க்கை படக்கூடாது, பட்ட இடம் இளகும். எந்தப் பூவுக்கும் பிரிட்ஜ் கிடையாது. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் பூ வியர்க்கும், சாயம் கசியும்.

எங்கள் கேக்கே வைத்துச் சாப்பிடும் கேக்தான். ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் பிராந்தியில் ஊறிய பழங்களும் சேர்ந்த ரிச் கேக், கல்யாணத்துக்குக் கிழமைக்கணக்கில் முன்பே அடித்து வைக்கப்படும். அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சின்னப் பெட்டிகளில் விருந்தினருக்குக் கொடுப்போம். மேடையில் அடுக்கடுக்காக நிற்பது ரெஜிபோமில் ஐசிங் பூசிய ஸ்ட்ரக்சர். கல்யாணமோ சாமத்திய வீடோ (பூப்புனித நீராட்டு விழா), அதை வாடகைக்கு எடுப்பவர்களும் உண்டு. ஒரு வீட்டில் நின்ற பூ அடுத்த வீட்டிலும் நிற்கவேண்டுமானால் அது எவ்வளவு திருத்தமாகச் செய்யப்பட்டிருக்கவேண்டும்!

இன்னொன்றும் இருக்கிறது. போரில் 1990இல் போன மின்சாரம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருடக்கணக்கில் திரும்பவில்லை. பொருளாதாரத் தடையில் சீனி எண்ணி வாங்கும் பொருளாயிற்று. அந்த நாட்களிலும் எங்கள் சனம் கல்யாணம் செய்தது. பிரிட்ஜ் இல்லாமல், ஒரு பூவும் வீணாகாமல் காப்பாற்றும் கை அந்தத் தலைமுறைக்கு வாய்த்தது. 2022இல் இலங்கைத் தீவு முழுக்க மின்வெட்டு மணிக்கணக்காக நீண்டபோது, பெட்டியில் பூ வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பூவைப் பற்றிய கவலையாவது இருக்கவில்லை.

இந்தியப் பக்கத்துக்கு நியாயமும் உண்டு. சென்னையில் நான் தங்கியிருந்த வீட்டிலும் அந்தத் தங்கையின் சமையலறையிலும் பார்த்தவரை, அங்கே விப்பிங் கிரீம்தான் ராஜா. நீர் கலந்த கிரீமில் சீனிப்பூவை வைத்தால் சிறிது நேரத்தில் கரையத் தொடங்கும். அதனால் கிரீமிலேயே பூப் பிழிகிறார்கள், அந்தப் பூவுக்கு அன்றைக்கு மட்டுந்தான் ஆயுள். பட்டர் கிரீம் ரோசாவென்றால் தாளில் பிழிந்து பிரீசரில் இறுக்கி எடுக்கிறார்கள். அவளுடைய கை வேகமானது. நான் இரண்டு இதழ் யோசிப்பதற்குள் ஒரு ரோசா முடிந்துவிடும். முட்டை வேண்டாம் என்பவர்கள் அங்கே நிறையப்பேர் என்பதும் பெரிய காரணம். அதற்கும் வழி கண்டவர் புனேயின் கேக் கலைஞர் பிராச்சி தபல் தேப். பிரிட்டனின் ராயல் ஐசிங் ஆசான் எடி ஸ்பென்ஸிடம் கற்று, முட்டையில்லாத ராயல் ஐசிங்கில் மாளிகைகளையே எழுப்பியிருக்கிறார். பெங்களூரில் டிசம்பர் தோறும் நடக்கும் கேக் கண்காட்சியில் சீனிச் சிற்பங்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. ஆனால் அவை பெருங்கலைஞர்களின் வேலை. எங்களிடம் இது ஊருக்கு ஊர் சாதாரணப் பெண்களின் கையில் இருக்கிறது. வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உலர்ந்தது பழசல்ல என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை. அவர்களுடைய மக்ரூனும் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரி சேர்த்து, மெல்லிய சூட்டில் உலரவைப்பதுதான். அதை யாரும் பழசு என்று தள்ளுவதில்லை, நமுத்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியபின் இங்கிருந்து பூக்களும் போகின்றன. அங்கே கல்யாணம் வைக்கும் உறவினருக்காக நான் அனுப்பும் பெட்டியைக் கையிலேயே கொண்டுபோகச் சொல்வேன். போனதும் ஏசி அறையில் திறந்துவைக்காமல், பெட்டியோடே பீரோவில் வைக்கவேண்டும். மேடை அடுக்குக்கு பொண்டன்ட் போர்த்தி, கடைசி மணித்தியாலத்தில் பூவைக் குத்தவேண்டும். சாப்பிடும் கிரீம் கேக் அந்தத் தங்கையுடையதாகவே இருக்கட்டும், அதை அவள் என்னைவிட நன்றாகச் செய்வாள்.