சேரி ஊரான கதை: 'நாயகன்', 'காலா', தாராவி

தாராவியில் வீடு கிடைக்காது என்று தள்ளப்படுகிறவர்களைத் தங்கள் பகுதியில் குடியேற்றக் கூடாது என்று மும்பையின் முலுண்ட் வாசிகள் 2023லும் 2024லும் போராடினார்கள். தண்ணீர் போதாது, ரோடு போதாது, ரயிலில் இப்போதே கால் வைக்க இடமில்லை என்றார்கள். இந்தக் காரணங்களில் பொய்யில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவனுக்காகப் பக்கத்திலேயே நாற்பது மாடி எழும்பும்போது இதே தண்ணீர்க் கணக்கு ஏன் இவ்வளவு உரக்கக் கேட்பதில்லை? 'எங்க ஏரியா எப்படி இருக்கணும்' என்று பேச ஒருத்தனுக்கு உரிமை இருக்கிறது. இன்னொருத்தனை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று மட்டும்தான் மற்றவர்கள் பேசுகிறார்கள்.

அந்த இன்னொருத்தன் தன் ஊரைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று தமிழில் எங்கே தேடுவது? பெரும்பாலும் சினிமாவில்தான் தேட வேண்டியிருக்கிறது. தாராவியின் கணிசமான பகுதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம் ஜனங்கள் உண்டாக்கியது. இருந்தும் அவர்கள் வாழ்க்கையைத் தமிழ் இலக்கியம் பெரிதாகச் சீண்டவில்லை. சினிமா சீண்டியது, 1987இல் 'நாயகன்', 2018இல் 'காலா'.

படங்களுக்குப் போகும் முன் அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம். தாராவி முதலில் கோலி மீனவர்களின் குப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் நகரத்துக்கு நாற்றம் ஆகாது என்று தோல் பதனிடும் வேலையை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பாந்த்ராவில் ஆடுமாடு அறுக்கும் கூடம் இருந்தது, பக்கத்துச் சதுப்பில் தோல் ஷாப்புகள் வந்தன. தோலைத் தொட யார் வருவான்? ஊரில் செத்த மாட்டைத் தூக்கச் சொல்லி யாரைக் கட்டாயப்படுத்தினார்களோ அவர்கள்தான் ரயிலேறிப் போனார்கள். சாதி போட்ட வேலைதான். ஆனால் இங்கே அதற்குக் கூலி உண்டு, ஆண்டை இல்லை. சதுப்பில் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டார்கள். அதாவது நிலத்தையே அவர்கள்தான் உண்டாக்கினார்கள். கிராமத்தை விட்டு வெளியேறு என்றார் அம்பேத்கர். வெளியேறினவர்கள் ஊருக்குக் கிழக்கே ஒதுக்கப்பட்ட சேரியாக இல்லாமல், தாங்களே ஊராக இருந்து பார்த்த இடங்களில் ஒன்று தாராவி.

இந்தத் தோல் 'நாயக'னில் எங்கே? படத்தை நகர்த்துவது கடத்தல். தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த வேலு, நாயக்கர் ஆகிறார். குடிசையை இடிக்க வந்த முதலாளியின் பங்களாவுக்குள் ஜனங்களை அழைத்துப் போய்ச் சாமான்களை உடைக்கிற காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. அந்தக் காட்சியிலும் ஜனங்கள் கூட்டம்தான். தொழில் கிடையாது, சாதி கிடையாது, தங்களுக்குள் கருத்து வேறுபாடும் கிடையாது. சாதிப் பட்டம் ஒருவருக்கு மட்டும் உண்டு, அவர் நாயகன். மற்றவர்கள் வாசலில் நின்று நீதி வாங்கிப் போகிறார்கள். அந்தத் தாராவி, கிராமத்துப் பண்ணையார் வீட்டு முற்றத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பம்பாயில் இறக்கியது போலிருக்கிறது.

'காலா' இதை உடைத்தது. தமிழ் வெகுஜனப் படம் ஒன்றில் 'தூய்மை' என்ற சொல்லே சாதிச் சொல் என்று காட்டியதும், கட்டட நிறுவனத்துக்கு 'மனு' என்று பெயர் வைத்ததும் சாதாரண விஷயமில்லை. ஊர்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் மும்பை ஸ்தம்பிக்கிறது. தாராவி குடிசைகளின் கூட்டமல்ல, அந்த நகரத்தின் கைகால் என்பதை அந்தக் காட்சி வசனமில்லாமலே சொல்லிவிடுகிறது. பா. ரஞ்சித்துக்கு இதற்காக நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் படத்தோடு எனக்குச் சண்டை உண்டு. நிலம் எங்கள் உரிமை என்கிறது படம். யாருடைய நிலம், எந்த 'எங்கள்'? சரீனா ஒரு மறுகட்டுமானத் திட்டத்தோடு திரும்பி வருகிறாள். மகன் லெனின் அதை நம்புகிறான். தாராவிக்குள்ளேயே இருக்கிற உண்மையான வாதத்துக்குக் கதவு திறந்த இடம் அது. நல்ல வீடு வேணும், வீட்டுக்குள்ளே கக்கூஸ் வேணும் என்று கேட்கிற பெண் எப்படி மண்ணுக்குத் துரோகி ஆவாள்? விடியும் முன்னே பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றவளுக்கல்லவா தெரியும்! படம் அந்த வாதத்தை வளர விடாமல் வில்லனின் சூழ்ச்சிக்குள் மடித்து வைத்துவிடுகிறது. கடைசியில் ஊருக்கு ஒரே குரல், அதுவும் ரஜினிகாந்தின் குரல்.

இதற்கு நேரெதிரே நிற்பவர்கள் குடிசையின் அழகைப் பார்த்து உருகுகிறவர்கள். 2009இல் அப்போதைய இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் தாராவியின் கட்டமைப்பை உலகத்துக்கே பாடமாகச் சொன்னார். இப்போது அவர் மன்னர். அவர் அரண்மனையில் வாளி தூக்கிக்கொண்டு க்யூ கிடையாது.

சுமார் 600 ஏக்கர். 2004இல் மறுசீரமைப்புக்கு அரசு ஒப்புதல், பிறகு டெண்டர் மேல் டெண்டர். 2022இல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்பில் எடுத்தது. திட்ட நிறுவனத்தில் அதற்கு 80 சதவீதம், அரசுக்கு 20. இத்தனை அக்கறை எதற்கு என்று கேட்டால், மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் வந்துவிட்டது. ஓரம் என்று தள்ளின இடம் நடுவாகிவிட்டது.

விதிகளைப் படித்தால் யார் ஊர்க்காரன் என்பது விளங்கும். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். அதற்கும் பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வெளியே வாடகை வீடு. ஏணி வைத்து ஏறுகிற அந்த மாடியில்தான் தையல் மிஷின் ஓடுகிறது, தோல் பை தைக்கிறார்கள், இரவில் அங்கேயே படுக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரனுக்கு அவன் வாடகை தருகிறவன். இருவரும் பெரும்பாலும் நம்மவர்களே. ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு ஊரைவிட்டு வெளியே. தாராவிக்காரர்களிடம் கேட்டால் பதில் ஒன்றாக வராது. 350 போதாது, 500 வேணும் என்பார் ஒருவர். எல்லாருக்கும் தாராவிக்குள்ளேயே கொடு என்பது இயக்கத்தின் கோரிக்கை. சூளை வைக்க மண்தரை இல்லாமல் மாடியில் என்ன செய்வது என்கிறார்கள் கும்பர்வாடாக் குயவர்கள். கோலிகள் இது எங்கள் பூர்வ கிராமம் என்கிறார்கள். சும்மா கட்டிக் கொடுத்தால் போதும், செத்தாலும் நல்ல வீட்டில் சாகணும் என்கிற கிழவியும் இருப்பாள். இந்தச் சண்டையை அப்படியே எழுதியிருந்தால் 'காலா' இன்னும் பெரிய படம். நம் எழுத்தாளர்களுக்கும் இதைச் சொல்கிறேன். ஒற்றுமை காட்டுவதற்காக நமக்குள் இருக்கிற வீட்டுக்காரன்-குடிக்கூலிக்காரன் வித்தியாசத்தை மறைக்கிற எழுத்து, மாடியில் இருக்கிறவனுக்கு எதிரான எழுத்துதான்.

வெளியே என்றால் எங்கே? உப்பளங்கள், குர்லாவில் பால்பண்ணை நிலம், பிறகு தேவனார். பாந்த்ராவின் அறுப்புக்கூடத்தை 1971இல் தேவனாருக்குத்தான் மாற்றினார்கள். நகரத்தின் குப்பை மலையும் அங்கேதான். அந்தக் குப்பைக்காட்டில் 124 ஏக்கரைத் தாராவித் திட்டத்துக்கென 2024இல் ஒதுக்கினார்கள். முதலில் நாற்றத்தைத் தாராவிக்கு அனுப்பினார்கள், நாற்றத்தோடு நம்மையும் அனுப்பினார்கள். தாராவியில் நாற்றம் குறைந்து நிலம் விலையேறியதும், நாற்றம் போன இடத்துக்கே நம்மையும் போகச் சொல்கிறார்கள்.

2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கி வீடு வீடாக எண் போட்டார்கள். மாடிக்கும் எண் உண்டு. அந்த எண் தனக்கு வீடு தரவா, தன்னை அனுப்பி வைக்கவா என்று மாடியில் தோல் தைக்கிறவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.