ஆறு மூடிய மாதங்கள்

நவம்பர் பிறந்ததும் நான் செய்யும் முதல் வேலை, வீட்டு விளக்குகளை எல்லாம் அணைப்பது. ஆற்றில் இறங்கி நின்று தூண்டில் போடுகிறவர்கள் மார்பு வரை வரும் நீர்புகா உடை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். என்னுடையது ரப்பரில் செய்த பழைய உருப்படி. இருட்டில் அதற்குள் டார்ச்சை இறக்கி, கால் பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், முள்வேலி கீறிய இடத்திலும் ஒட்டு விட்ட இடத்திலும் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் கசியும். இந்த வருஷம் மூன்று புள்ளிகள். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு, இடது குதிகாலில் ஒன்று. சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் பசை தடவி அடைத்தேன். ஆறு மூடிவிட்டது என்பது எனக்கு உறைப்பது அந்த இருட்டில்தான்.

இங்கிலாந்தின் தெற்கே, வின்செஸ்டர் நகரத்துக்குள்ளேயே ஓடும் இட்சென் ஆறு எங்கள் ஆறு. சுண்ணப்பாறைக்கு அடியிலிருந்து ஊறிவரும் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இதில் வாழும் பழுப்பு டிரவுட் மீனைப் பிடிக்க இலையுதிர் காலத்தோடு அனுமதி முடிந்துவிடும். மறுபடி தூண்டில் போட வசந்தம் வரவேண்டும். தேதி ஆற்றுக்கு ஆறு மாறும். நம் கடலோர ஊர்களில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது: தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 நாளான கிழக்குக் கடற்கரைத் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிக் கிடக்க, நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். அங்கே அது வயிற்றுப்பாட்டின் மீது விழும் தடை; இங்கே எங்களுக்குப் பொழுதின் மீது மட்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் காரணம் ஒன்றுதான். மீன் தன் இனம் பெருக்குகிற நாட்களில் மனிதன் விலகி நிற்க வேண்டும்.

டிரவுட் முட்டையிடுவது கடுங்குளிரில். பெட்டை மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் கூழாங்கல்லை அடித்து அடித்துக் குழி பறிக்கும். முட்டையிட்ட பிறகு மேலேயிருந்து கல்லைத் தள்ளி மூடிவிடும். பாசி பிடித்த ஆற்றுத் தரையில், புதிதாகப் புரட்டிய அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். டிசம்பரில் பாலத்தின் மேல் நின்று அந்த வெளுத்த திட்டுகளை எண்ணுவது எங்களில் பலருக்கு வழக்கம். எண்ணலாம், இறங்கக் கூடாது. ஒரு காலடி போதும், ஒரு குடும்பம் போய்விடும்.

போன ஏப்ரலில், சீசன் தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு ஆல்டர் மரத்தடியில் ஒரு மீனைப் பார்த்தேன். நீர்மேல் மிதந்து வந்த பூச்சிகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டிருந்தது. நான் கட்டிய பொய் ஈயை அதன் வழியில் மிதக்கவிட்டேன். மேலே வந்தது. மூக்குக்கும் ஈக்கும் ஒரு விரற்கடைதான் இடைவெளி. அப்படியே ஈயோடு சேர்ந்து பின்னோக்கி ஒரு கஜம் மிதந்தது, பார்த்தது, கீழே இறங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் நிஜப் பூச்சி ஒன்றை வாங்கிக்கொண்டது. அன்று அது என்னைப் பதினொரு முறை மறுத்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க நான் செய்தது அந்த மறுப்புக்குப் பதில் தேடியதுதான்.

மழை விடாத சனிக்கிழமைகளில் மகனோடு உட்கார்ந்து மீன்பிடி வீடியோ கேம் ஆடுவேன். இதை இளப்பமாகப் பேசும் தூண்டில்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் 1990லேயே, ஆற்றின் தலைவனான மீனைத் தேடிப் போகும் விளையாட்டு ஒன்று வீட்டுக் கருவிகளுக்கு வந்துவிட்டது. 1997இல் சேகா நிறுவனம் விளையாட்டுக் கூடங்களுக்கு ஒரு பாஸ் மீன் விளையாட்டைக் கொண்டுவந்தது. பிறகு அது டிரீம்காஸ்ட் என்ற வீட்டுக் கருவிக்கு வந்தபோது, கையில் பிடிக்கத் தூண்டில் பிடியும் சுற்றும் கைப்பிடியும் கொண்ட ஒரு கருவியே தனியாக விற்றது. மீன் கவ்வினால் அது கையில் அதிரும். இழுக்கிற மீனுக்கு நரம்பை எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது சுற்றுவது என்கிற பதத்தை இந்த விளையாட்டுகள் நன்றாகவே கற்றுத் தருகின்றன. என் மகன் ஆற்றில் பிடித்த முதல் மீனை அறுத்துக்கொள்ள விடாமல் கரைக்குக் கொண்டுவந்ததில் திரையில் கற்ற பாடத்துக்கும் பங்குண்டு. ஆனால் மேலே வந்து, அருகில் நின்று பார்த்து, வேண்டாம் என்று திரும்பிப் போகும் மீனை நான் ஆடிய எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியது அந்த மீன்.

சாமான்களைப் பராமரிப்பது குளிர்காலத்தின் நிதானமான சுகம். ஈத்தூண்டிலின் கனத்த நரம்பை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணிக்கு நடுவே இழுத்தால், ஒரு பருவத்தின் பாசி முழுக்கத் துணியில் கறுப்பாக வரும். ஈப்பெட்டியைத் திறந்து காயவிட வேண்டும். ஒரு முள் துருப்பிடித்தால் பக்கத்து முள்ளையும் சேர்த்துக்கொள்ளும். மூங்கில் கோல் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம். சீன மூங்கிலை ஆறு சிம்புகளாகப் பிளந்து, முக்கோணமாக இழைத்து ஒட்டிச் செய்த கோல் அது. சுவரில் சாய்த்து வைத்தால் வளைவு விழுந்துவிடும். ஈரத்தோடு குழாய்க்குள் போட்டு மூடினால் வார்னிஷ் பூத்துப்போகும். துணிப்பையில் போட்டு ஆணியில் தொங்கவிடுவதே முறை.

ரீலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நார்தம்பர்லாந்தின் ஆனிக் என்ற சிறு நகரத்தில் ஹார்டி சகோதரர்கள் 1891இல் வெளியிட்ட 'பெர்ஃபெக்ட்' ரீல், உருண்டைக் குண்டுகள் மேல் சுழலும் வார்ப்பு. என்னிடம் இருப்பது பலர் கை மாறி வந்த ஒன்று. பூச்சு தேய்ந்து, ஓரத்தில் உலோகம் வெள்ளையாகத் தெரிகிறது. திருகைக் கழற்றித் தட்டைப் பிரித்தால் உள்ளே குண்டுகள் சிறு பட்டாணி வரிசைபோல் உட்கார்ந்திருக்கும். பழைய எண்ணெயைத் துடைத்து, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, தையல் மெஷினுக்கு விடுவதுபோல ஒரு சொட்டு விட்டு மூட வேண்டும். மூடியபின் காதருகே வைத்து ஒரு சுற்று. பல்சக்கரத்தின் மேல் நாக்கு ஏறி இறங்கும் அந்தக் கிறுகிறுப்புச் சத்தத்துக்காகவே அதைக் கழற்றிப் பூட்டுகிறேன் என்று மனைவி சொல்வாள். உண்மைதான். சீசன் நடுவில் மீன் ஓடும்போது கேட்கிற சத்தம் அது.

ஆனால் தடைக்காலத்தின் ராஜவேலை ஈ கட்டுவது. ஜன்னலோரம் மேஜை, அதில் கடைசல்காரர் வைத்திருப்பதுபோல, ஆனால் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு வைஸ், அதன் வாயில் மிளகு நீளம்கூட வராத ஒரு முள். பக்கத்துத் தெருவில் எண்பது தாண்டிய ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு குளிர்காலமும் ஒரே ஈயைத்தான் கட்டவிட்டார். ஃபிராங்க் சாயரின் ஃபெசன்ட் வால் ஈ.

சாயர் வில்ட்ஷயரில், ஏவன் ஆற்றின் மேற்பகுதியில் ஆற்றுக் காவலராக இருந்தவர். ஆற்றோரம் நின்று பார்ப்பதே அவருக்கு உத்தியோகம். தண்ணீருக்கு அடியில் நீந்தும் பூச்சிக் குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து அவர் கண்டுகொண்டது இதுதான்: நீந்தும்போது அவை கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கின்றன. அதனால் தன் ஈக்கு அவர் கால் வைக்கவேயில்லை. நூலும் வேண்டாம் என்று விட்டார். மயிரிழைச் செம்புக் கம்பியால் முள்ளைச் சுற்றி, நெஞ்சுப் பக்கம் கூடுதலாகச் சுற்றி ஒரு திமில் எழுப்புவார். ஃபெசன்ட் சேவலின் வாலிறகிலிருந்து நாலு இழை எடுத்து, நுனி மட்டும் வாலாக நீட்டிக்கொண்டிருக்கக் கம்பியால் கட்டுவார். பிறகு இழைகளையும் கம்பியையும் சேர்த்து முறுக்கி, முள்ளின் கண் வரை சுற்றிக்கொண்டு போவார். மிச்ச இழையைத் திமிலின் மேல் பின்னும் முன்னுமாக மடித்துக் கட்டினால் இறக்கை முளைக்கப்போகும் கூன் வந்துவிடும். முடிந்தது. இரண்டே பொருள். கனத்துக்கும் கட்டுக்கும் பளபளப்புக்கும் அந்த ஒரே கம்பி. 1958இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதையெல்லாம் எழுதிவைத்தார். ஒரு படைப்பில் எதை விடலாம் என்று தெரிந்தவனே பெரிய கலைஞன் என்று நான் நினைப்பவன். அந்தக் கணக்கில் சாயர் பெரிய கலைஞர்.

ஒருநாள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே கட்டினேன்.

"என்னடா, பூ கட்டுறியா?"

"ஈ கட்டுறேம்மா."

எங்கள் சொந்த ஊரான கம்பத்தில் முப்பது வருஷம் வீட்டுத் திண்ணையில் மல்லிகை கட்டியவள். கொஞ்ச நேரம் பேசாமல் என் விரலையே பார்த்தாள். "இழுவையை விட்டுறாத. ஒரு சுத்து தளர்ந்தா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துரும்" என்றாள். பெரியவர் இரண்டு குளிர்காலமாகச் சொன்னதும் இதைத்தான். நாரோ கம்பியோ, விரல் இழுத்துப் பிடித்த பிடி கடைசி முடிச்சு வரை மாறக் கூடாது.

அந்தப் பெரியவரின் இறகுப் பெட்டியில்தான் என் ஊரைப் பார்த்தேன். ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் கறுத்த சின்ன இறகுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் உருகிய மெழுகு சொட்டி உறைந்ததுபோல் மஞ்சள் வெள்ளைப் புள்ளி. காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் வழியில் விடியற்காலையில் விட்டு விட்டுக் கூவுமே, அதே சேவல். மேற்குத் தொடர்ச்சி மலை உட்பட தீபகற்ப இந்தியாவின் காடுகள்தான் அதன் வீடு. விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களில் கன்னத்துக்கு ஒன்றாக இதை வைத்துக் கட்டினார்கள். புகழ்பெற்ற 'ஜாக் ஸ்காட்' ஈயின் பக்கவாட்டில் மினுங்குவது இதுவே. இன்று நம் நாட்டுச் சட்டப்படி காட்டில் அந்தச் சேவலைப் பிடிப்பது குற்றம். இங்கே கூண்டில் வளர்த்த பறவைகளிலிருந்து இறகு எடுக்கிறார்கள்.

அந்தச் சால்மன் ஈக்கள் அழகு. மறுக்கவில்லை. டூக்கன், தங்க ஃபெசன்ட், காட்டுக்கோழி என்று கண்டம் கண்டமாக இறகு சேர்த்துக் கட்டிய நகைகள். ஆனால் அந்த ஆசை எதுவரை போகும் என்றும் பார்த்துவிட்டோம். 2009 ஜூனில் இங்கிலாந்தின் டிரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைக் கிடங்கில் ஓர் இளைஞன் ஜன்னல் வழியாகப் புகுந்து 299 பறவைத் தோல்களை எடுத்துப் போனான். ஈ கட்டும் இறகுக்காக. ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் காடுகாடாக அலைந்து சேர்த்தவையும் அவற்றில் இருந்தன. எந்த மீனும் அந்த இறகைக் கேட்கவில்லை. கசாப்புக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் ஃபெசன்ட் வாலோடு சாயர் நின்ற இடத்தில்தான் எனக்கும் நிற்கப் பிடித்திருக்கிறது.

ஈ கட்டுவது புதுப் பழக்கமல்ல. 1496இல் அச்சான ஆங்கிலத் தூண்டில் நூல் மாதவாரியாக 12 ஈக்களைச் சொல்கிறது, கம்பளி இழையும் கௌதாரி இறகும் வைத்துக் கட்டச் சொல்லி. தூண்டில் இலக்கியத்தின் மூத்தவரான ஐசக் வால்டன் இதே வின்செஸ்டரில்தான் இறந்தார். 1683, டிசம்பர் 15. ஆறு மூடிக் கிடக்கும் மாதம். அவரை அடக்கம் செய்த பேராலயத்தில், தூண்டில்காரர்கள் சேர்ந்து 1914இல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதில் அவர் இட்சென் கரையில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறார். தூண்டில் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. டிசம்பரில் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம். ஊற்றுத்தண்ணீர் குளிர்காலத்திலும் பத்துப் பதினொரு டிகிரியில் வருவதால், காற்று அதைவிடக் குளிர்ந்த நாட்களில் ஆறு ஆவி விடும். அன்று ஆவி அடங்கி லேசாக வெயில் வந்திருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. இறக்கையைப் பாய்மரம்போல் நிமிர்த்திய, அரைக் கட்டைவிரல் நகமளவு ஆலிவ் பூச்சி. ஏப்ரலில் அந்த மீன் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டிருந்த அதே இனம். குளிர்காலத்திலும் இப்படி ஒன்றிரண்டு பொரித்து வரும். குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். வால் இரண்டு. நான் மூன்று வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு அடியில் இருக்கும் குஞ்சுக்குத்தான் மூன்று. உடம்பின் நிறமோ நான் நினைத்த வெண்டைப் பிஞ்சுப் பச்சையே இல்லை. முருங்கைக்கீரை வெந்து இறக்கும்போது வருமே, அந்தக் கரும்பச்சை. அதிலும் முதுகுப் பக்கம் பழுப்பு ஓடியது. அது எழுந்து பறக்கும் வரை அப்படியே நின்றேன்.

வீட்டுக்கு வந்து, டிசம்பரிலிருந்து கட்டிச் சேர்த்த பெட்டியைத் திறந்தேன். இருபத்துமூன்று ஈ. விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, முதலாவதை வைஸில் பூட்டி, பிளேடால் நூலை அறுத்தேன்.