ஒரே காந்தி, மூன்று எண்கள்

1948 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா வெளியிட்ட பத்து ரூபாய் காந்தி தபால்தலைக்கு பிரிட்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலில் எண் 308. அமெரிக்காவின் ஸ்காட் பட்டியலில் 206. ஜெர்மனியின் மிச்செல் பட்டியலில் 190. தலை ஒன்றுதான். எண்கள் இவ்வளவு விலகிப்போவதற்குக் காரணம், எதைத் தனித் தலையாகக் கொள்வது, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்ற இரு கேள்விகளுக்கும் ஒவ்வொரு பட்டியலும் வேறு வேறு விடை வைத்திருப்பதே.

முதல் கேள்விக்கு உலகின் முதல் தபால்தலையான 1840ஆம் ஆண்டின் பென்னி பிளாக்கே நல்ல சான்று. ஸ்காட்டுக்கு அது எண் 1, அவ்வளவுதான். கிப்பன்ஸோ அடர்கறுப்பு, கறுப்பு, சாம்பல் கலந்த கறுப்பு என்று மையின் சாயலைப் பிரித்து 1, 2, 3 என மூன்று எண்கள் தருகிறது. பழைய இந்தியத் தலைகளிலும் கிப்பன்ஸுக்கு இதே வழக்கம். 1947க்குள் அதன் எண்கள் 300ஐத் தாண்டியதற்கும், ஸ்காட் 200இல் நின்றதற்கும் பெரும் காரணம் இதுவே. சாயலை ஆராய்பவருக்கு கிப்பன்ஸ் பெரிய துணை. ஆனால் மங்கிய ஒரு தலையைக் கையில் வைத்துக்கொண்டு அது 2ஆ 3ஆ என்று விழிக்கும் புதியவருக்கு அந்த நுணுக்கம் சுமைதான்.

இரண்டாம் கேள்வியில்தான் ஸ்காட்டின் குறை தெரிகிறது. 1947இன் ‘ஜெய் ஹிந்த்’ தலைகள் கிப்பன்ஸில் 301 முதல் 303 வரை. காந்தி தலைகள் 305 முதல் 308 வரை. இடையே இருக்கும் 304, 1948இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாய்–லண்டன் சேவையைத் தொடங்கியதை ஒட்டி வந்த பன்னிரண்டு அணாத் தலை. ஸ்காட்டில் ‘ஜெய் ஹிந்த்’ முடியும் 202க்கு அடுத்து 203 என்று காந்தி வந்துவிடுகிறார். விமானத் தலை அங்கே இல்லை. விமானத் தபால் பகுதியில் சி7 என்ற எண்ணோடு இருக்கிறது. விமானத் தலைகளை மட்டும் சேர்ப்பவருக்கு இது பெரும் வசதி. நிலுவைத் தபாலுக்கு ஜே, அரசுத் தபாலுக்கு ஓ என்று எண்ணைப் பார்த்தவுடனே தலையின் வேலை தெரிந்துவிடும். ஆனால் விடுதலை பெற்ற ஓராண்டுக்குள் ஒரு நாடு எவற்றை எந்த வரிசையில் நினைவுகூர்ந்தது என்ற கதை ஸ்காட்டில் அறுந்துபோகிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் தலைகளில் இந்தச் சிதறல் இன்னும் மோசம்: ஒரே நினைவுக்காகச் சேர்ந்து வெளிவந்த தொகுதி இரண்டு இடங்களில் கிடக்கும்.

என் தேர்வு மிச்செல் முறை. விமானத் தலையும் சாதாரணத் தலையும் அங்கே ஒரே கால வரிசையில் நிற்கின்றன. துளை, நீர்க்குறி, அச்சு வகை ஆகியவற்றின் வேறுபாடுகள் எண்ணுக்குப் பின்னால் எழுத்துகளாகவும் ரோம எண்களாகவும் சேர்கின்றன. பொதுச் சேகரிப்பாளர் எண்ணோடு நின்றுவிடலாம், ஆய்வாளர் எழுத்துவரை போகலாம்.

பின்னால் வருவதற்கு முன்கூட்டியே இடம் விடுவது எந்தப் பட்டியலுக்கும் எளிதல்ல. ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட காந்தி தலைகள் கவர்னர் ஜெனரலின் பயன்பாட்டுக்காக நூறு தொகுதிகளே அச்சானவை. விடுதலை பெற்ற இந்தியாவின் மிக அரிய தலைகளில் சேர்ந்த அவற்றுக்கு கிப்பன்ஸில் ஓ150ஏ முதல் ஓ150டி வரை, ஸ்காட்டில் ஓ112ஏ முதல் ஓ112டி வரை. வரிசைக்குள் பின்னால் நுழைக்கப்பட்டவை என்பதை எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. பார்க்க அழகாக இல்லைதான். இருந்தாலும் இதை நான் ஆதரிக்கிறேன். எண்ணை அடியோடு மாற்றினால் பழைய ஏல விவரங்களும் ஆல்பக் குறிப்புகளும் வணிகரின் விலைப்பட்டியல்களும் ஒரே நாளில் பொருளற்றுப் போய்விடும்.

எண் தர மறுப்பதும் ஒரு தீர்ப்பே. 1960களின் பிற்பகுதியில் அஜ்மான் போன்ற வளைகுடா ஷேக் நாடுகளின் பெயரில், தபாலுக்குத் தொடர்பே இல்லாமல் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களைக் குறிவைத்து தலைகள் குவிந்தன. மிச்செல் அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் எண் கொடுத்தது. ஸ்காட் பட்டியலிடவில்லை. கிப்பன்ஸ் பின்னிணைப்பில் எண்ணின்றிக் குறித்தது. மூன்றிலும் கிப்பன்ஸின் வழியே நேர்மையானது என்பேன். தலை இருந்ததையும் அது மறைக்கவில்லை, அதற்கு மதிப்பும் ஏற்றவில்லை.

இந்த எண்கள் எல்லாமே தனியார் நிறுவனங்களின் கையில் இருப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. கிப்பன்ஸின் முதல் விலைப்பட்டியல் 1865இல் வந்தது, ஸ்காட்டின் முதல் பட்டியல் 1868இல். இரண்டுமே தலை விற்பவர்களின் விலைப்பட்டியலாகப் பிறந்தவை. இன்று அவை சேகரிப்பாளர்களின் பொதுமொழி. ஆனாலும் அந்த எண் வரிசையைத் தம் புத்தகத்தில் முழுமையாகப் பயன்படுத்த விரும்புபவர் பதிப்பாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2002இல் உலகத் தபால் ஒன்றியம் நாட்டுக் குறியீடு, வரிசை எண், ஆண்டு என்று ஒரு பொது எண்முறையைத் தொடங்கியது. போலி வெளியீடுகளைப் பிரித்தறிய அது உதவுகிறது. ஆனால் அந்தந்த நாட்டுத் தபால் துறை பதிவு செய்தால்தான் தலை அதில் இடம்பெறும். 2002க்கு முந்தைய எதற்கும் அதில் எண் இல்லை. பழைய தலைகளின் எண்களையாவது, விலையை விட்டுவிட்டு எண்களை மட்டும், எல்லோரும் தடையின்றி எடுத்தாளப் பதிப்பாளர்கள் விட்டுவிட வேண்டும்.